தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை: இயற்கைப் புவியியலையும் மானிடப் புவியியலையும் ஓர் ஆற்றின் வழியே கற்பதற்கான முழுமையான வழிகாட்டி

பள்ளிப் பாடநூல்களில் புவியியல் பெரும்பாலும் இரு பாதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. முதற்பாதியில் மலை, ஆறு, மழை, மண். பிற்பாதியில் மக்கள்தொகை, வேளாண்மை, தொழில், நகரம். மாணவர்கள் முன்னதை ஒரு பருவத்திலும் பின்னதை மற்றொரு பருவத்திலும் படித்து முடித்து, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். புவியியலாளர் எந்த இடத்தைப் பார்த்தாலும் கேட்பவை இரண்டே கேள்விகள்: இது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், மலையைப் பற்றித் தொடங்கியவர் சந்தையில் போய் நிற்பார். ஊரைப் பற்றித் தொடங்கியவர் பாறையில் போய் முட்டுவார்.

அந்தத் தொடர்பைக் காட்டுவதற்காக இவ்வழிகாட்டி ஒரே ஓர் ஆற்றை எடுத்துக்கொள்கிறது. குடகு மலையில் தோன்றி ஏறக்குறைய 800 கி.மீ. ஓடி வங்கக் கடலில் கலக்கும் காவிரியின் வடிநிலத்தில், அடிப்படைக் கருத்துகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் உண்மையான எடுத்துக்காட்டு உண்டு. தென்னிந்தியாவைக் காட்டும் நிலவரைபடம் ஒன்று, ஒரு முழம் நூல், அளவுகோல், குறிப்பேடு ஆகியவற்றை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். படிகளை வரிசை மாற்றாமல் செய்வது நல்லது. ஒவ்வொன்றும் முந்தையதன் மேல்தான் நிற்கிறது.

முதல் படி: இடத்தைக் குறித்தல்

ஓர் இடத்தின் அமைவிடத்தை இரு வகையாகச் சொல்லலாம். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு ஆகியவற்றால் சொல்வது முழுமையான அமைவிடம். பிற இடங்களை வைத்துச் சொல்வது சார்பு அமைவிடம். தலைக்காவிரி ஏறக்குறைய 12.4° வடக்கு, 75.5° கிழக்கு என்பது முன்னது. அது மடிக்கேரிக்கு மேற்கே, அரபிக் கடலிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவில் மலைமேல் இருக்கிறது என்பது பின்னது. பூம்புகார் 11.1° வடக்கு, 79.9° கிழக்கு என்ற புள்ளியை ஒட்டி அமைந்துள்ளது.

இவ்வெண்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை, கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் அட்சப் பாகைக்கு ஏறக்குறைய 111 கி.மீ. என்பதால், ஆறு தன் பயணத்தின் முடிவில் சுமார் 140 கி.மீ. தெற்கே இறங்கியிருக்கிறது. புவி ஒரு தீர்க்கப் பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே பூம்புகாரில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய பதினேழு நிமிடம் கழித்தே தலைக்காவிரியில் உச்சிக்கு வரும். ஆயினும் இரு ஊர்களிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுகிறது. இந்தியா முழுவதும் 82½° கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரத்தைப் பொது நேரமாக ஏற்றுக்கொண்டதே காரணம். சூரியனின் நேரம் இயற்கையின் பாற்பட்டது, கடிகாரத்தின் நேரம் மனிதர் செய்துகொண்ட ஒப்பந்தம்.

இரண்டாம் படி: நிலவரைபடத்தை வாசித்தல்

அளவையிலிருந்து தொடங்க வேண்டும். 1:50,000 என்றால் வரைபடத்தின் 1 செ.மீ. தரையில் 500 மீட்டர். மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கிராமத்தை விரிவாகக் காட்டுவதே பெரிய அளவை வரைபடம். உலகம் முழுவதையும் ஒரே தாளில் அடக்குவது சிறிய அளவை வரைபடம். 1/50,000 என்ற பின்னம் 1/2,00,00,000 என்ற பின்னத்தைவிடப் பெரியது என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இப்போது நூலை எடுத்து, வரைபடத்தில் காவிரியின் வளைவுகளின்மேல் படியவைத்து அளந்து, அளவையால் பெருக்குங்கள். விடை 800 கி.மீ.க்குக் குறைவாகவே வரும். உங்கள் கை தவறவில்லை. சிறிய அளவை வரைபடத்தை வரைந்தவர் சிறு வளைவுகளை நேராக்கிவிடுகிறார். அளவை பெரிதாகப் பெரிதாக ஆற்றின் நீளமும் கூடும். அடுத்து, தலைக்காவிரியையும் பூம்புகாரையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து அளந்தால் 500 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். நேராகப் போயிருந்தால் முடிந்திருக்கும் தொலைவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இந்த ஆறு ஏன் ஓடுகிறது என்ற கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒகேனக்கலை அடுத்து அது தெற்கே திரும்பிப் பவானி வரை சென்று, பிறகு கிழக்கே வளைவதைக் கவனியுங்கள்.

உயரத்தைக் காட்டுபவை சமஉயரக் கோடுகள். கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைக்கும் இக்கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் மென்சரிவு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படங்களில் இவை பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். குடகின் தலப்படத்தில் கோடுகள் கைரேகைபோல் நெருங்கிக் கிடக்கும். தஞ்சைப் பகுதியின் தலப்படத்தில் ஒரு கோட்டைக் கண்டுபிடிக்கத் தேட வேண்டும்.

இந்தச் சமதளம் நில அளவையாளரையே திணறவைத்திருக்கிறது. 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு (முக்கோணங்களுக்கு அடிப்படையாகத் தரையில் நேரே அளக்கும் கோடு) அளந்து இந்தியப் பெரும் முக்கோண அளவீட்டைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், தொலைவிலிருந்து தெரியும் மேடுகளின்மேல் கருவியை நிறுத்தியே கோணங்களை அளந்துவந்தார். காவிரிச் சமவெளியில் மேடும் இல்லை, தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில் கோபுரங்களை அளவை நிலையங்களாக்கிக்கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அவருடைய பெருங்கருவியைக் கயிற்றால் ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. சமஉயரக் கோடு இல்லாத நிலம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

மூன்றாம் படி: நிலத்தோற்றத்தையும் சரிவையும் புரிந்துகொள்ளுதல்

அரபிக் கடல் ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவில் இருக்க, காவிரி ஏன் அதன் பக்கம் திரும்பாமல் நெடுந்தொலைவு கிழக்கே ஓடுகிறது? மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே செங்குத்தாகவும் கிழக்கே படிப்படியாகவும் இறங்குகிறது. தீபகற்பப் பீடபூமி முழுவதுமே கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மலைமுகட்டுக்குக் கிழக்கே விழுந்த நீருக்குச் சாய்வின் வழியே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வாறு இரு ஆறுகளுக்குரிய நீரைப் பிரிக்கும் முகடு நீர்ப்பிரி மேடு எனப்படும். ஓர் ஆறும் அதன் துணையாறுகளும் நீரைத் திரட்டும் பரப்பு வடிநிலம் எனப்படும். காவிரியின் வடிநிலம் 81,155 சதுர கி.மீ.

நிலத்தை உயர்த்துபவை, சாய்ப்பவை, பிளப்பவை அகச் செயல்முறைகள். அதைத் தேய்ப்பவையும் நிரப்புபவையும் புறச் செயல்முறைகள். இன்றைய நிலத்தோற்றம் இவ்விரண்டின் இழுபறியில் உருவானது. தமிழ்நாட்டின் உட்பகுதியில் காணும் மிகப் பழமையான கடினப் பாறைகள் நெடுங்காலத் தேய்வுக்குப் பின்னும் குன்றுகளாக நிற்கின்றன. திருச்சி மலைக்கோட்டை அவ்வகையில் எஞ்சிய ஒன்று.

சரிவையும் கணக்கிடலாம். தலைக்காவிரி 1,300 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 800 கி.மீ.க்குச் சராசரிச் சரிவு கிலோமீட்டருக்கு 1.6 மீட்டர். ஆனால் சராசரி இங்கே ஏமாற்றும். சிவசமுத்திரத்தில் ஆறு ஏறக்குறைய 90 மீட்டர் உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. திருச்சிக்குக் கீழே கடல்வரை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை மீட்டர்தான் இறங்குகிறது. சரிவு மாறும் இடத்தில் ஆற்றின் வேலை மாறும். அதனோடு மனிதர் ஆற்றைப் பயன்படுத்தும் விதமும் மாறும். சிவசமுத்திரத்தின் வீழ்ச்சியைக் கொண்டு 1902இல் நீர்மின்சாரம் எடுத்து, தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். தஞ்சையின் மென்சரிவில் மின்சாரம் எடுக்க இயலாது. ஆனால் வாய்க்கால் வெட்டி வயலுக்கு நீர் பாய்ச்ச அதைவிட ஏற்ற சரிவு கிடையாது.

நான்காம் படி: மழையைப் பருவத்தோடு சேர்த்துப் படித்தல்

வானிலையும் காலநிலையும் ஒன்றல்ல. இன்று மாலை மேட்டூரில் பெய்த மழை வானிலை. பல பத்தாண்டுகளின் பதிவுகளிலிருந்து பெறப்படும் பொதுப்போக்கு காலநிலை. தேர்வில் இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதுவோர் இன்றும் ஏராளம்.

வெப்பநிலையை அட்சம் மட்டும் தீர்மானிப்பதில்லை, உயரமும் தீர்மானிக்கிறது. 1,000 மீட்டர் மேலே செல்லச் செல்லச் சராசரியாக 6.5° செல்சியஸ் குறையும். கோயம்புத்தூர் ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்திலும் உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், வேறுபாடு சுமார் 12° என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத்தில் அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலேறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. இது மலைத்தடுப்பு மழை. காற்று மோதும் பக்கத்தையும் முகட்டையும் ஒட்டிய மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. மலையைத் தாண்டி இறங்கிய காற்றில் ஈரம் குறைந்துவிடுவதால் மைசூரில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மைசூரும் அதற்குக் கிழக்கே உள்ள பகுதிகளும் மழை மறைவுப் பகுதிகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றின் திசை மாறி, வங்கக் கடல் வழியே வரும் வடகிழக்குப் பருவக்காற்று தமிழகக் கடற்கரைக்கு மழை தருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இம்மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது.

இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் காவிரி விளங்கும். ஜூன், ஜூலை மாதங்களில் தஞ்சையின் வானம் வறண்டிருக்க, 400 கி.மீ.க்கு அப்பால் குடகில் பெய்யும் மழை ஆற்றின் வழியே டெல்டாவுக்கு வந்துசேர்கிறது. அக்டோபரில் ஆற்றுநீர் குறையத் தொடங்கும் வேளையில் வானமே மழை தருகிறது. ஒரே வயலுக்கு இரு பருவங்களின் நீர் கிடைப்பதால், ஆற்றுநீரை நம்பிக் குறுவையும், இரண்டையும் சேர்த்து நம்பிச் சம்பாவும் தாளடியும் பயிரிடும் முறை உருவானது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது என்ற வழக்கம் இந்தக் காலநிலைக் கணக்கிலிருந்து பிறந்ததே. குடகில் மழை தாமதித்தால் திறப்பு தள்ளிப்போகும். திறப்பு தள்ளிப்போனால் குறுவைப் பரப்பு சுருங்கும்.

ஐந்தாம் படி: ஆறு செய்யும் வேலை

ஆறு அரிக்கிறது, கடத்துகிறது, படியவைக்கிறது. மலைப்பகுதியில் வேகம் அதிகம் என்பதால் அரிப்பு மேலோங்கும். ஒகேனக்கலில் பாறையை அறுத்து இடுக்குகளின் வழியே ஓடும் காவிரி இதற்குச் சான்று. சமவெளியில் வேகம் தளர்வதால் சுமந்துவந்த மணலையும் வண்டலையும் இறக்கிவைக்கத் தொடங்கும். கடலை நெருங்கியபின் அந்தப் படிவே நிலமாகும். அதுதான் டெல்டா.

மேற்பகுதியில் ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி போன்றவை வந்து சேர்கின்றன, இவை துணையாறுகள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் பிறவும் பிரிகின்றன, இவை கிளையாறுகள். துணையாறு நீரைக் கொண்டுவரும், கிளையாறு கொண்டுபோகும். கடைசியில் பூம்புகாரில் கடலைத் தொடும் காவிரி, வாய்க்கால் என்று சொல்லத்தக்க அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கொள்ளிடமும், பாசன நீரை வயல்களும் வழியிலேயே வாங்கிக்கொண்டுவிடுகின்றன.

கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது, சரிவும் கூடியது. ஸ்ரீரங்கம் தீவின் கிழக்கு முனையில் இரண்டும் மீண்டும் நெருங்கும்போது காவிரியின் நீர் கொள்ளிடத்தில் வழிந்துவிடாமல் தடுப்பதே கரிகாலன் கட்டியதாக மரபு கூறும் கல்லணையின் பணி. காலப்போக்கில் காவிரிப் படுகை மணலால் மேடிட்டு, நீர் மென்மேலும் கொள்ளிடத்துக்கே போகத் தொடங்கியது. அதைச் சீர்செய்ய ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். இப்போது கொள்ளிடத்தை நம்பியிருந்த நிலங்களுக்கு நீர் குறையும் என்பதால் அணைக்கரையில் கீழணையும் தேவைப்பட்டது. இயற்கைச் செயல்முறை ஒன்றில் மனிதர் கைவைத்தால் விளைவு வேறோர் இடத்தில் தலைதூக்கும் என்பதைப் புவியியலில் மனித–சுற்றுச்சூழல் இடைவினை என்கிறோம். 1934இல் முடிந்த மேட்டூர் அணை வெள்ளத்தைத் தணித்துப் பாசனத்தை உறுதிசெய்தது. அதே அணை, கீழே வரவேண்டிய வண்டலையும் தன்னிடத்தே நிறுத்திக்கொள்கிறது. வண்டல் வரத்துக் குறைந்த டெல்டா கடலரிப்பை எதிர்கொள்ள வலுவிழக்கும்.

மண்ணைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும்: டெல்டாவில் ஆறு கொணர்ந்த வண்டல், மேட்டு நிலங்களில் அங்கிருந்த பாறையே சிதைந்து உருவான செம்மண், கொங்குப் பகுதியின் சில இடங்களில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கரிசல். பயிர்ப்படத்தை மண்படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். எல்லைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஒத்துப்போகாத இடங்களில்தான் பாசனமோ சந்தையோ குறுக்கிட்டிருக்கும்.

ஆறாம் படி: ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டல்

மானிடப் புவியியலுக்குள் நுழையும்போது இரு கருத்துகளைப் பிரித்தறிய வேண்டும். ஊர் நிற்கும் நிலத்தின் தன்மை தலம். சுற்றியுள்ள ஊர்கள், வழிகள், சந்தைகளோடு அதற்குள்ள உறவு சூழமைவு. திருச்சியின் தலம் ஆற்றங்கரையும் பாதுகாப்பான குன்றும். அதன் சூழமைவு, டெல்டாவின் தலைவாயிலில், கொங்கிலிருந்தும் மதுரையிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் வழிகள் கூடும் இடம். தலம் மாறாமலிருக்கச் சூழமைவு மாறலாம். பூம்புகார் ஆற்று முகத்துவாரம் என்ற தலத்தால் ஒருகாலத்தில் பெருந்துறைமுகமாக இருந்தது. கடலும் வாணிக வழிகளும் மாறியபின் அதே தலத்தில் சிற்றூராக நிற்கிறது.

குடியிருப்பின் அமைப்பையும் நோக்குங்கள். குடகில் காப்பித் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே வீடுகள் தனித்தனியே கிடக்கும். இது சிதறிய குடியிருப்பு. டெல்டாவில் வெள்ளத்துக்கு எட்டாத கரைமேட்டை ஒட்டி ஊர்கள் ஆற்றோடு நீளும். இது நீள்வடிவக் குடியிருப்பு. நீர் கிடைக்கும் இடம் குறைவான வறண்ட மேட்டு நிலத்தில் வீடுகள் ஏரியையோ கிணற்றையோ சுற்றிக் குழுமும்.

மக்களடர்த்தி என்பது மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடகு மாவட்டத்தில் 5.54 லட்சம் பேர், பரப்பு 4,102 சதுர கி.மீ.; அடர்த்தி 135. அதைவிடச் சிறிய பரப்புடைய தஞ்சாவூர் மாவட்டத்தில் 24 லட்சம் பேர். அடர்த்தி 700ஐ ஒட்டி வரும். சரிவு, வண்டல், இரு பருவ நீர் என முந்தைய படிகளில் கண்டவை அனைத்தும் இவ்விரு எண்களுக்கிடையே உள்ள இடைவெளியில் ஒளிந்திருக்கின்றன. ஆனால் அதே ஆண்டில் சென்னையின் அடர்த்தி 26,000ஐத் தாண்டியிருந்ததை வண்டலால் விளக்க முடியாது. துறைமுகம், நிருவாகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றால்தான் விளக்க முடியும்.

ஏழாம் படி: தொழிலும் அதன் சுவடும்

இயற்கையிலிருந்து நேரே எடுப்பது முதல்நிலைத் தொழில். எடுத்ததை வேறு பொருளாக மாற்றுவது இரண்டாம் நிலை. சேவை தருவது மூன்றாம் நிலை. நாகப்பட்டினத்து மீன்பிடிப்பும் தஞ்சை நெல்லும் முதல்நிலை, திருப்பூர்ப் பின்னலாடை இரண்டாம் நிலை, ஈரோட்டுத் துணிச்சந்தையின் வாணிகம் மூன்றாம் நிலை.

திருப்பூரை எடுத்துக்கொண்டு சற்று நின்று யோசிக்க வேண்டும். மழை குறைந்த, கடலோரமில்லாத ஊர் ஏற்றுமதி நகரமானது எப்படி? பருத்தி விளைந்த கரிசல் ஒரு தொடக்கம். கோயம்புத்தூர் நூற்பாலைகளின் அண்மை, இருப்புப்பாதை, கைத்திறன், கடன் வாங்கித் தொழில் நடத்தும் துணிவு ஆகியவை மற்றவை. இயற்கைதான் மனித வாழ்வைத் தீர்மானிக்கிறது என்ற பழைய கோட்பாடு இங்கே தோற்கிறது. இயற்கை வாய்ப்புகளை வைக்கிறது, மனிதர் தெரிவுசெய்கிறார்கள் என்ற கோட்பாடே பொருந்துகிறது. எனினும் தெரிவுக்கும் விலை உண்டு. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, கீழ்ப்பகுதி விளைநிலங்கள் உவர்ப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. நொய்யல் காவிரியின் துணையாறு என்பதை ஐந்தாம் படியில் கண்டோம்.

எட்டாம் படி: வட்டாரமும் எல்லையும்

பொதுப்பண்பு ஒன்றால் இணைந்த பரப்பு வட்டாரம். நெல் வயல்களால் அடையாளம் காணப்படும் டெல்டா ஒருவகை. ஒரு மையத்தோடு போக்குவரத்தால் பிணைந்த ஈரோட்டுச் சந்தைப்பகுதி மற்றொரு வகை. கோடு கிழித்துக் காட்ட முடியாவிட்டாலும் மக்கள் மனத்தில் வாழும் கொங்கு நாடும் சோழ நாடும் மூன்றாம் வகை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தையும் பொழுதையும் தொழிலையும் ஒருசேர வைத்துப் பார்த்த பழந்தமிழர் திணைப் பகுப்பும் வட்டாரச் சிந்தனையே.

வடிநிலம் இயற்கை எல்லை. மாநிலம் அரசியல் எல்லை. இரண்டும் பொருந்தாதபோது பூசல் எழும். காவிரி வடிநிலம் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவற்றில் பரந்திருக்கிறது; பாதிக்கும் சற்று மேலான பரப்பு தமிழ்நாட்டில் உள்ளது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று பங்கிட்டது. எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வந்துசேர வேண்டும்.

செய்தித்தாளில் நாள்தோறும் வரும் இவ்வலகை அறிந்துகொள்ளுங்கள். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதிலிருந்து, வரத்தே இல்லாமல் நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி. திறந்தால் அணை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடலாம். ஜூன் 12இலிருந்து அத்தனை நாள் எண்ணிப் பார்த்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நிற்பீர்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் ஊரில் செய்துபார்த்தல்

இனி உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள ஓடையையோ ஏரியையோ தேர்ந்தெடுங்கள். அதன் அமைவிடத்தைக் குறியுங்கள். தலப்படத்திலிருந்து நீர்ப்பிரி மேட்டைப் பென்சிலால் வரையுங்கள். நீர் எந்த மாதத்தில் வருகிறது, எந்தப் பருவமழையால் வருகிறது என்று எழுதுங்கள். பிறகு கரையில் நடந்து சென்று, மண் நிறம் மாறும் இடத்தையும், பயிர் மாறும் இடத்தையும், வீடுகள் தொடங்கும் இடத்தையும் மூன்று வண்ணங்களில் ஒரே படத்தில் குறியுங்கள். மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் இயற்கைக் காரணத்தைத் தேடுங்கள். விலகிப்போகும் இடத்தில் அங்குள்ள மூத்த உழவர் ஒருவரிடம், இந்த வாய்க்காலை யார் வெட்டினார்கள், இந்த வழி எப்போது வந்தது, முன்பு இங்கே என்ன பயிர் நின்றது என்று கேட்டு, அவர் சொன்ன விடையைப் படத்தின் ஓரத்தில் தேதியோடு எழுதுங்கள்.